கழன்று வந்த குமிழ்

கடுகண்ணாவையில் நாங்கள் செய்த மேசை ரேடியோவின் வொல்யூம் குமிழ் சில நேரம் கையோடு கழன்று வரும். பெட்டி கடைக்குப் போவதற்கு முன்னரே அது எனக்குத் தெரியும். இந்த இரண்டு வரிகளை எழுத எனக்கு இத்தனை வருடம் எடுத்திருக்கிறது.

போன மாதம் உங்கள் வேலைத்தலத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தீர்கள். புதிதாகச் செய்த புளூடூத் ஸ்பீக்கரை மேசையில் வைத்து, “சேர், இதுல ஆபத்து ஏதாவது தெரியுதா?” என்று கேட்டீர்கள். நான் கையில் எடுத்துப் பார்த்தேன். பற்றரியைப் பற்றி இரண்டொரு கேள்வி கேட்டேன். தேநீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன். நீங்கள் என்னிடம் எதிர்பார்த்தது அதுவல்ல என்பது பேருந்தில் ஏறிய பிறகுதான் உறைத்தது. அன்று சொல்லாமல் வந்ததை இப்போது எழுதுகிறேன்.

இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு இருந்த காலம் அது. வெளிநாட்டு ரேடியோ கடையில் கிடைக்காது. அதனால்தான் எங்களைப் போன்ற சின்னத் தொழிற்சாலைகள் பிழைத்தன. தொழிற்சாலை என்றாலும் அது பழைய கொக்கோ களஞ்சியம். முன்பகுதியில் நீளமான இரண்டு மேசைகளில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஈயம் ஒட்டுவார்கள். பின்பகுதியில் ஓர் அறை. வடிவமைப்பு, பரிசோதனை இரண்டையும் அங்கே நான் ஒருவனே பார்த்தேன். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு வந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. என்னைக் கேள்வி கேட்கிற ஆள் அந்த அறையில் யாரும் இல்லை. அதை அப்போது பெருமையாக நினைத்தேன்.

எங்கள் முகாமையாளர் யாழ்ப்பாணத்துக்காரர், பொறியியலாளர். குடும்பம் ஊரில் இருக்க, அவர் கண்டியில் ஒரு போடிங்கில் தங்கியிருந்தார். ஒரு நாள் வந்து, ட்ரான்ஸ்ஃபோமருக்குச் செப்புக் கம்பி இனிக் கிடைக்காது என்றார்.

“ட்ரான்ஸ்ஃபோமர் இல்லாமல் ஒரு செற் செய்ய ஏலுமோ? நீர் யோசிச்சுப் பாரும்.”

ஏலும். வேறு நாடுகளிலும் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் ட்ரான்ஸ்ஃபோமர் இருந்தால் வீட்டு மின்சாரத்துக்கும் ரேடியோவின் உள்ளுறுப்புகளுக்கும் நேரடித் தொடர்பு இருக்காது. அதை எடுத்துவிட்டால், உள்ளே இருக்கிற உலோகத் தகடு சுவரிலிருந்து வருகிற இரண்டு கம்பிகளில் ஒன்றோடு நேராகச் சேர்ந்துவிடும். பிளக்கை ஒரு பக்கமாகச் செருகினால் தகட்டைத் தொடலாம், ஒன்றும் ஆகாது. மறுபக்கமாகச் செருகினால் அதே தகடு ஆளைக் கொல்லும்.

அதற்குத் தீர்வாக, வெளியே எந்த உலோகமும் தெரியாதபடி முழுப் பெட்டியையும் பிளாஸ்டிக்கில் மூடினேன். ஆணிகளைக்கூடப் பள்ளத்தில் இறக்கி மெழுகால் அடைத்தேன். ரேடியோவைப் போடவும் அணைக்கவும் வொல்யூமைக் கூட்டவும் திருப்புகிற தண்டு மட்டும் உலோகம். தகட்டோடு தொடர்புள்ளது. ஆனால் அதன் மேல் பிளாஸ்டிக் குமிழ் இருக்கிறதே.

முதல் பெட்டிகளைச் சில நாட்கள் ஓடவிட்டுப் பார்த்தபோது ஒன்றின் குமிழ் என் விரலோடு வந்துவிட்டது. உள்ளிருந்த சூட்டில் பிளாஸ்டிக் கொஞ்சம் இளகியிருந்தது. நான் அதை மறுபடி அழுத்தி மாட்டினேன். குறிப்புப் புத்தகத்தில் எழுதவில்லை. எழுதினால் குமிழை மாற்ற வேண்டும், அச்சை மாற்ற வேண்டும், இரண்டு மாதம் தாமதமாகும். இப்படியெல்லாம் அப்போது கணக்குப் போட்டேனா என்றால், இல்லை. குமிழ் கழன்றது, மாட்டினேன், அடுத்த பெட்டிக்குப் போனேன். அவ்வளவு சின்ன விசயமாக அது நடந்து முடிந்தது. நீங்கள் நினைப்பதுபோல் பெரிய தவறு பெரிய முகத்தோடு வந்து நிற்காது.

கண்டியிலும் தெல்தெனியவிலும் இரண்டு கடைகளில் பெட்டிகள் நன்றாகப் போயின. நான் கண்டியில் குட் செட் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறையில் தங்கியிருந்தேன். அம்மாவும் அண்ணன் குடும்பமும் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் இருந்தார்கள். தோட்டத் தமிழரை அனுப்புவதற்கு இரண்டு அரசாங்கங்களும் செய்த ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குப் போக அவர்களுடைய பத்திரங்கள் சரியாகிவிட்டன. பயணத் திகதிக்காகக் காத்திருந்தார்கள். நான் போவதில்லை என்று இங்கேயே பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்திருந்தேன். அதற்குப் பிறகு அண்ணன் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டான்.

சில மாதங்கள் கழித்து ஒரு நாள் காலை, சாக்குப் பையோடு ஒருவர் தொழிற்சாலையில் என் அறைக்கு நேராக நடந்து வந்தார். கண்டி மார்க்கட்டுக்குப் பக்கத்தில் ரேடியோ திருத்துகிற முஸ்லிம் பெரியவர். எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். ரயிலேறி வந்திருந்தார். பைக்குள் எங்கள் பெட்டி ஒன்று. குமிழ் இல்லை.

“இதச் செஞ்ச ஆள் யாரு?”

“நாந்தான்.”

அவர் பெட்டியை என் மேசையில் வைத்தார். நான் பிளக்கைச் செருகினேன். அவர் சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து அந்த உலோகத் தண்டில் வைத்தார். விளக்கு எரியவில்லை. எனக்கு மூச்சு வந்தது.

“பாருங்க நானா, ஒண்ணும் இல்ல.”

அவர் பிளக்கைப் பிடுங்கி, திருப்பி, மறுபடி செருகினார். டெஸ்டரை வைத்தார். விளக்கு பிரகாசமாக எரிந்தது.

“இப்பிடியும் போகுது தானே தம்பி?”

போகத்தான் செய்தது. நான் பரிசோதிக்கிற பிளக்கின் ஒரு பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்திருந்தேன். அந்தப் புள்ளி மேலே இருக்கும்படிதான் எப்போதும் செருகுவேன். அது எனக்குக் கைப்பழக்கமாகிவிட்டது. அன்றும் அப்படியே, புள்ளி இல்லாத அந்தப் பிளக்கையும், கம்பி அதிலிருந்து வெளிவருகிற பக்கத்தை வைத்து, தகடு பாதுகாப்பாக இருக்கிற பக்கமாகவே என் கை செருகியிருந்தது. கடைக்குப் போன பெட்டிகளில் புள்ளி கிடையாது.

“தெல்தெனியவுல ஒரு பொம்பளக்கி கரண்ட் அடிச்சீக்குது,” என்றார் நானா. “தைக்கிற பொம்பள. விழுந்து தோளும் வெலகி, கையும் வெந்தீக்குது. அவட மாப்புள இதத் திருத்தித் தரச் செல்லிக் கொண்டு வந்தாரு. நான் திருத்தல்ல.”

“ஏன்?”

“பழுதாகல்லயே. நீங்க எப்பிடிச் செஞ்சீங்களோ அப்பிடியே தானே ஈக்குது. திருத்த என்ன ஈக்குது இதுல?”

பெட்டியை வைத்துவிட்டு அடுத்த ரயிலுக்குப் போய்விட்டார். இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த ஒரே ஆய்வறிக்கை அதுதான். இன்றைக்கும் ஒரு வடிவமைப்பைப் பார்க்கும்போது, எது பழுதானால் ஆபத்து என்று பிறகுதான் யோசிக்கிறேன். எதுவும் பழுதாகாமலே என்ன ஆபத்து இருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

முகாமையாளரிடம் போய்ச் சொன்னேன். குமிழ் கழலும் என்று முன்னரே தெரிந்ததை மட்டும் சொல்லவில்லை.

“ஒரு லேபல் அடிப்பம். குமிழ் கழண்டால் தொடக்கூடாது எண்டு. மூண்டு மொழியிலயும் போடுவம். நீர் வசனத்தை எழுதும்.”

எழுதினேன். எழுதிய தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நானாவிடம் விலாசம் கேட்டு, அடுத்த ஞாயிறு தெல்தெனிய பஸ்ஸில் ஏறினேன். ஏன் போனேன் என்று சொல்லத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கப் போனதாகப் பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பெண்ணுக்குப் பெரிய காயம் ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டு நிம்மதியாகத் திரும்பலாம் என்ற நினைப்பும் இருந்திருக்கும்.

அந்தப் பெண்ணின் பெயர் பாக்கியம். முன்னறையில் தையல் மெசின். அதன் மேல் வெட்டிப் போட்ட துணிகள் அப்படியே கிடந்தன. வலது கையைத் துணியில் தொங்கவிட்டிருந்தார். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் கறுத்துத் தோல் உரிந்திருந்தன. நான் யார் என்று சொன்னதும் உட்காரக் கதிரையைக் காட்டினார்.

“எப்பிடி நடந்துச்சுங்க?”

“வீட்டுல பிளக் பொயின்ட் இல்லீங்க. பல்பக் கழட்டிட்டு அந்த ஹோல்டர்ல இருந்துதான் கரண்ட் எடுக்குறது. அன்னைக்கு ரேடியோவப் புடுங்கிட்டு இஸ்திரிப் பெட்டியப் போட்டேன். தேச்சு முடிச்சு மறுபடி ரேடியோவப் போட்டேன். தரை கழுவி ஈரமா இருந்துச்சு. குமிழ் எப்பவோ தொலைஞ்சு போச்சு. வெறும் கையாலதான் திருப்புவேன். தெனமும் அப்பிடித்தான். ஒண்ணும் ஆனதில்ல.”

மெசின் மேல் கிடந்த துணி ஒன்றை இடது கையால் ஒதுக்கினார்.

“நான் அத அணைக்கத்தாங்க போனேன்.”

மறுபடி மாட்டும்போது அவர் கையில் அது மறுபக்கமாகத் திரும்பியிருக்கிறது. அவ்வளவுதான் நடந்தது. அவர் செய்ததில் ஒரு தவறும் இல்லை. ஒரு பொருளைப் பாவிக்கிறவர் செய்யக்கூடிய மிகச் சாதாரணமான வேலை அதை அணைப்பது.

விரலில் உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டேன். ஊசி குத்தினால் தெரியவில்லை என்றார். ஊசியில் நூல் கோர்க்கவே முடியவில்லையாம். டாக்டர் பொறுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தாராம்.

நான் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து வாசித்துக் காட்டினேன். இதைப் பெட்டியில் ஒட்டப் போகிறோம் என்றேன்.

“எங்க ஒட்டுவீங்க?”

“பின்பக்கம்.”

“நான் முன்பக்கந்தானே நின்னேன்,” என்றார்.

குரலில் கோபம் இல்லை. அவர் உண்மையிலேயே யோசித்துத்தான் சொன்னார். நான் தாளை மடித்தேன். பிறகு, ஏனென்று தெரியாமல், குமிழ் கழலும் என்பது எனக்கு முன்னரே தெரியும் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். உலகத்தில் முதன்முதலாக அதைக் கேட்டவர் அவர்தான்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

“இன்னும் எத்தன வீட்டுல இருக்குங்க இது?”

“இருநூறு வீட்டுக்குக் கிட்ட.”

“அப்ப இங்க ஏன் ஒக்காந்திருக்கீங்க?”

எழுந்து வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை முகாமையாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. குறிப்புப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். அந்த நாளுக்குரிய பக்கத்தைத் திறந்து, வெறுமையாக இருந்த இடத்தில் நடந்ததை என் கையால் எழுத வைத்தார். தானும் கீழே ஒப்பமிட்டார்.

புதிய பெட்டிகளுக்குத் தீர்வு ஒரு வாரத்தில் கிடைத்தது. உலோகத் தண்டைப் பெட்டிக்குள்ளேயே வெட்டிவிட்டு, அதனோடு பேக்கலைட் தண்டு ஒன்றைப் பொருத்தினோம். குமிழ் கழன்றாலும் கைக்கு எட்டுவது பேக்கலைட்தான். மின்சாரம் அதற்குள் வராது. இவ்வளவு எளிதான வேலையை முதலிலேயே செய்திருக்கலாம். குமிழை இறுக்குவது எப்படி என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, குமிழே இல்லாவிட்டால் என்ன என்று யாராவது கேட்டிருந்தால் போதும். கேட்க அந்த அறையில் ஆள் இருக்கவில்லை.

விற்ற பெட்டிகள்தான் பிரச்சினை.

“பத்திரிகையில அறிவித்தல் போடுவம் சேர்,” என்றேன்.

“போட்டால் அடுத்த நாளே கதவைப் பூட்ட வேண்டி வரும். முன்னுக்கு இருந்து வேலை செய்யிற பிள்ளையள் எங்க போவினம்?”

வெகுநேரம் பேசினோம். கடைசியில் அவர் அலுமாரியைத் திறந்து, கடைகள் அனுப்பியிருந்த உத்தரவாத அட்டைகளின் அடிக்கட்டைகளை எடுத்து என் மேசையில் வைத்தார். வாங்கியவர்களின் பெயரும் விலாசமும் அவற்றில் இருந்தன.

“ஞாயிற்றுக்கிழமையில நீர் எங்க போறீர் எண்டு நான் கேக்க மாட்டன். தண்டு எவ்வளவு வேணுமெண்டாலும் எடும். எனக்கு வேற வழி தெரியேல்லை.”

நான் சம்மதித்தேன். அதுதான் என்னுடைய இரண்டாவது பிழை. முதலாவதைவிடப் பெரியது என்று இப்போது நினைக்கிறேன். அறிவித்தல் போட்டிருந்தால் ஒரே நாளில் பெரும்பாலான வீடுகளுக்குச் செய்தி போயிருக்கும். நான் தனியாக நடந்து திரிந்தால் ஆபத்தைச் சுமக்கிறவன் நான்தான் என்று நினைத்துக்கொண்டேன். சுமந்தவர்கள் அந்த வீட்டுக்காரர்கள். நான் பட்ட கஷ்டம் அவர்களுக்குப் பாதுகாப்பு ஆகவில்லை.

செய்த ஒரே நல்ல காரியம், எல்லா விலாசங்களுக்கும் தபால் அட்டை எழுதியது. “உங்கள் ரேடியோவில் ஆபத்து இருக்கிறது. நான் நேரில் வந்து சரி செய்யும் வரை தயவுசெய்து பாவிக்க வேண்டாம்.” கீழே என் பெயரும் விலாசமும். சிங்கள அட்டைகளை முன் மேசையில் வேலை செய்த சோமா என்ற பெண் பகல் சாப்பாட்டு நேரத்தில் எழுதித் தந்தார். மற்றப் பெண்கள் அதற்குள் என்னோடு பேசுவதை விட்டிருந்தார்கள். என்னால் தொழிற்சாலை மூடப்படும் என்று பேச்சு. நான் உள்ளே வந்தால் பேச்சு நிற்கும். நான் என் அறையிலேயே சாப்பிடப் பழகினேன்.

பல மாதங்கள், ஞாயிறு தோறும், ஒரு பையில் குறடு, ரம்பம், ஈயம் உருக்கும் கோல், தண்டுகள். கண்டி, கட்டுகஸ்தோட்டை, பேராதனை, தெல்தெனிய. குமிழ் கழன்றதா என்று கேட்டால் பாதி வீடுகளில் சிரித்தார்கள். ஒரு வீட்டில் பற்பசை டியூப்பின் மூடியை மாட்டியிருந்தார்கள். ஒரு வீட்டில் ரேடியோவுக்குப் பக்கத்தில் ஒரு குறடு நூலில் தொங்கியது, திருப்புவதற்கென்றே. அதன் கைப்பிடி வெறும் இரும்பு. குமிழ் கழல்வதை எங்களுக்கு ஒருவரும் அறிவிக்காததற்குக் காரணம் அன்றுதான் விளங்கியது. சனங்கள் எங்கள் குறைகளைத் தங்கள் கெட்டித்தனத்தால் மூடிக்கொண்டு வாழ்கிறார்கள். முறைப்பாடு வரவில்லை என்று நீங்கள் யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தக் குறடு ஞாபகம் வரும்.

பேராதனைப் பக்கத்தில் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர். அட்டை கிடைத்தும் ரேடியோவைப் பாடவிட்டிருந்தார்.

“நல்லா வேல செய்யிற சாமான ஏன் கழட்டணும்?” என்றார்.

ஆபத்தை நேரில் காட்டிவிடலாம் என்று நினைத்தேன். குமிழைக் கழற்றி டெஸ்டரை வைத்தேன். எரியவில்லை. அவர் சிரித்தார். நான் பிளக்கைத் திருப்பிப் போட்டு வைத்தேன். எரிந்தது.

அவர் முகம் மாறியது. “நீ வந்து தொட்ட பொறகுதானே எரியுது. வர முந்தி ஒண்ணும் இல்லையே. எந்திரிச்சுப் போ.”

எவ்வளவு விளக்கியும் கேட்கவில்லை. நான்கு தடவை போன பிறகுதான் பெட்டியைத் தந்தார். அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் நான் ஆபத்தை நிரூபிக்கப் போகவில்லை. “இதில் நான் ஒரு பிழை விட்டிருக்கிறேன், திருத்தித் தர வந்தேன்” என்பேன். அப்படிச் சொன்னால் கதவு திறந்தது. பொருளில் குறை என்றால் சண்டைக்கு வருகிறவர்கள்கூட, ஆளில் குறை என்றால் உட்காரச் சொல்கிறார்கள்.

அம்மாவும் அண்ணன் குடும்பமும் புறப்பட்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். கண்டி ஸ்டேசனுக்குப் போயிருந்தேன். மேடை முழுக்கப் பெட்டி, பாய், பாத்திர மூட்டை. அழுகிறவர்களுக்கு நடுவில் அண்ணன் சாமான்களை எண்ணுவதிலேயே குறியாக இருந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மாதான் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் பையைத் தொட்டுப் பார்த்தார்.

“என்னாடா இது, இம்புட்டுப் பாரம்?”

“வேல இருக்கும்மா. வீடு வீடாப் போயி ரேடியோ சரி பண்றேன்.”

“எல்லாத்தையும் முடிச்சிட்டு வந்திரு.”

“சரிம்மா,” என்றேன்.

ரயில் போன பிறகு அறைக்குத் திரும்பியிருக்கலாம். அறையில் யாரும் இல்லை. பட்டியலில் அடுத்த வீடு கட்டுகஸ்தோட்டையில் இருந்தது. அங்கே போனேன். வீட்டுக்காரப் பெண் பெட்டியைக் காட்டிவிட்டுத் தேநீர் போட உள்ளே போனார். நான் பின்மூடியைக் கழற்றித் தகட்டைப் பிடித்தேன். பிளக்கைப் பிடுங்கவில்லை.

அது எப்படியிருக்கும் என்று எழுத எனக்கு விருப்பமில்லை. கை மூடிக்கொண்டது, திறக்க முடியவில்லை. வாயும் திறக்கவில்லை. கதிரை சாய்ந்த சத்தம் கேட்டு அந்தப் பெண் ஓடி வந்தார். என்னைத் தொடாமல் நேராக மெயின் சுவிட்சைப் போய் அணைத்தார். அவருக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது. நான் தரையில் கிடந்தபடி, பாக்கியம் விழுந்தபோது அந்த அறையில் யார் இருந்திருப்பார்கள் என்று யோசித்தேன். கேட்கவே இல்லையே என்று அப்போதுதான் தோன்றியது.

அன்றைக்கு நான் செய்ததை நீங்கள் யாரும் செய்யக்கூடாது. மனம் ஓரிடத்தில் நிற்காத நாளில் மின்சாரத்தைத் தொடாதீர்கள். தனியாகவும் தொடாதீர்கள். என்னால் முடியும் என்று அன்று காட்ட நினைத்தது யாருக்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பட்டியல் மெல்ல மெல்லக் குறைந்தது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு சரி அடையாளம். பாக்கியத்துக்குப் புதுப் பெட்டி ஒன்று கொண்டுபோனேன். அவர் வாங்கவில்லை. விரல்களில் ஒன்றில் உணர்ச்சி திரும்பியிருந்தது, மற்றதில் இல்லை. இடது கையால் நூல் கோர்க்கப் பழகியிருந்தார். “எல்லா வீட்டுக்கும் போயிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டார். இன்னும் ஒன்று இருக்கிறது என்றேன்.

அந்த ஒன்று ராமையா என்பவருடையது. கண்டி நகரத் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பில் விலாசம். நான் போனபோது கதவில் வேறு ஆட்கள்.

“அவுங்க இந்தியாவுக்குப் போயிட்டாங்களே,” என்றார் பக்கத்து வீட்டு அம்மா. “ரேடியோவையா கேக்குறீங்க? அத விட்டுட்டா போவாரு? சேலையில சுத்தி மடியில வச்சுக்கிட்டுத்தான் போனாரு.”

அவரிடம் திருச்சிப் பக்கத்து விலாசம் ஒன்று இருந்தது. அதே வாசகத்தை எழுதி அங்கேயும் ஒரு அட்டை அனுப்பினேன். போய்ச் சேரும் என்ற நம்பிக்கை இல்லை.

நான்கைந்து மாதம் கழித்து இந்திய முத்திரையோடு ஒரு கடிதம் வந்தது. கையெழுத்தைப் பார்க்கும் வரை அண்ணன் எழுதியிருக்கிறான் என்று நினைத்தேன். ராமையாவின் மகள் எழுதியிருந்தார். அட்டை பல கைகள் மாறி அவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. குமிழ் கப்பலிலேயே தொலைந்துவிட்டதாம். அப்பா தண்டில் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை மாட்டியிருந்தாராம். கார்டு படித்த அன்றே பிளக்கைப் பிடுங்கிவிட்டார்களாம்.

“அப்பா அதை தினமும் துடைத்து வைக்கிறார். கண்டியிலிருந்து நீங்கள் வந்து சரி செய்யும் வரை யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். புது இடத்தில் எங்களுக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை. நீங்கள் எப்போது வருவீர்கள் என்று அப்பா கேட்கச் சொன்னார்.”

எனக்கு அப்போது எந்த நாட்டுக் கடவுச்சீட்டும் இல்லை. பிரஜாவுரிமை விண்ணப்பம் ஏதோ ஒரு அரசாங்கக் கந்தோரில் கிடந்தது. நேரில் வந்து சரி செய்வேன் என்று இருநூறு அட்டைகளில் எழுதியபோது, அதை நம்பி ஒருவர் கடலுக்கு அப்பால் ரேடியோவைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று நான் நினைத்திருக்கவில்லை. உங்கள் பெட்டியோடு போகிற சின்னத் தாளில் நீங்களும் பலதையும் எழுதுகிறீர்கள். செய்ய முடிந்ததை மட்டும் எழுதுங்கள். வாசிக்கிறவர் அதை அப்படியே நம்புவார்.

பதில் எழுத எனக்கு மூன்று நாள் ஆனது. ‘விரைவில் வருகிறேன்’ என்று முதலில் எழுதி, கிழித்துவிட்டேன். என்னால் வர முடியாது என்று எழுதினேன். ஒரு பேக்கலைட் தண்டும், எங்கே வெட்ட வேண்டும் என்று காட்டும் படமும் வைத்தேன். ரேடியோ திருத்துகிற ஒருவரிடம் மட்டும் கொடுங்கள், அவருக்கு இந்தப் படம் விளங்கவில்லை என்றால் பெட்டியை உடைத்துவிடுங்கள், வைத்திருக்க வேண்டாம் என்று எழுதினேன். அவர்கள் மடியில் வைத்துக் கொண்டுபோன ஒன்றை உடைக்கச் சொல்கிறேன் என்று தெரிந்துதான் எழுதினேன். தபால் கந்தோரில் கொடுத்துவிட்டு, வேலைக்கு நேரமாகியும், வெளிப்படியில் கொஞ்ச நேரம் நின்றேன். அந்த வருடம் எப்போது வருவீர்கள் என்று கேட்டு எனக்கு வந்த கடிதம் அது ஒன்றுதான்.

அதற்குப் பதில் வரவில்லை. பொட்டலம் கிடைத்ததா, திருத்தினார்களா, உடைத்தார்களா, ஒன்றும் தெரியாது. ராமையாவின் பெயருக்கு எதிரே நான் சரி அடையாளம் போடவில்லை.